கடைசிப் பெட்டியை யார் செய்வது? அமெரிக்கச் சவப்பெட்டியின் இரு நூற்றாண்டுகள்

(நீண்ட பதிவு. வரலாறு, சமூகவியல், சட்டம் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

மண்ணுக்குள் போவதற்காகவே செய்யப்படும் ஒரு பொருளைக் கொண்டு வரலாறு எழுதுவது கடினம். நாற்காலியும் கட்டிலும் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும், பழுதுபட்டால் செப்பனிடப்படும், ஏலத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ வந்துசேரும். சவப்பெட்டி அவ்வாறன்று. செய்த கையை விட்டு நீங்கிய ஓரிரு நாளில் அது கண்ணை விட்டும் மறைந்துவிடுகிறது. ஆகவே அதைச் செய்தவர் யார், எந்த மரத்தில் செய்தார், யாருடைய ஆணைப்படி செய்தார், என்ன கூலி பெற்றார் என்னும் வினாக்களுக்கு விடை தேடுபவர், பெட்டியை விட்டுவிட்டுப் பெட்டியைச் சுற்றியிருந்த மனிதர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கடந்த இருநூறு ஆண்டுகளில் இப்பெட்டி ஒரு நெடும்பயணம் மேற்கொண்டது. வீட்டு முற்றத்தில் தந்தையோ அண்டைவீட்டாரோ செய்த பொருள், ஊர்த்தச்சரின் பட்டறைக்குச் சென்றது. அங்கிருந்து தொழிற்சாலைக்கும், ஈமச் சேவை நிறுவனங்களின் காட்சிக்கூடத்துக்கும் சென்றது. இன்று தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் தம் கையாலேயே பெட்டி செய்துவைக்கும் ஒரு சிறு கூட்டம் அதை மீண்டும் வீட்டுக்கு அழைத்து வருகிறது. இப்பயணத்தை இழப்பும் மீட்பும் என்று இரண்டு சொற்களில் அடக்கிவிடும் வழக்கம் உண்டு. அது பாதி உண்மை. மற்றப் பாதியையும் சேர்த்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1. 1818: இந்தியானாக் காட்டில்

1818ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், இந்தியானா மாநிலத்தின் தென்பகுதியில் லிட்டில் பிஜியன் கிரீக் என்னும் குடியேற்றத்தில் ஒரு கொடிய நோய் பரவியது. 'பால் நோய்' என்று அதற்குப் பெயர். காட்டில் மேய்ந்த பசுக்கள் ஒருவகை நச்சுச் செடியைத் தின்றன. அப்பாலைக் குடித்தவர்கள் சில நாட்களில் மாண்டனர். செடிக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு அக்காலத்தவருக்குத் தெரியாது. அருகில் மருத்துவமனை இல்லை. ஈமக் கடையும் இல்லை. இருந்தவர் ஒரு தச்சர். அவர் பெயர் தாமஸ் லிங்கன்.

முதலில் மனைவியின் உறவினரான ஸ்பாரோ தம்பதியர் இறந்தனர். அவர்களுக்குத் தாமஸ் பெட்டி செய்தார். அக்டோபர் 5ஆம் நாள் அவருடைய மனைவி நான்சி ஹாங்ஸ் இறந்தார். மரத்தை அறுத்துப் பலகையாக்கி, இழைத்து, அவருக்கும் தாமஸே பெட்டி செய்தார். பலகைகளைப் பிணைக்க இரும்பாணி இல்லை. மர முளைகளே பயன்பட்டன. அம்முளைகளை ஒன்பது வயது மகன் ஆபிரகாம் கத்தியால் சீவித் தந்தான் என்பது அக்குடும்பத்தில் வழங்கிவந்த செய்தி. அக்குடும்பத்தோடு வாழ்ந்த உறவினர் டென்னிஸ் ஹாங்ஸ் பிற்காலத்தில் சொன்ன நினைவுகளின் வழியாக அக்காலத்துச் செய்திகள் பலவும் நமக்குக் கிடைக்கின்றன. முதுமையில் கூறிய நினைவு என்பதால் அதன் ஒவ்வொரு நுணுக்கத்தையும் ஆவணச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் அது காட்டும் உலகம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அவ்வுலகில் சாவு வந்த வீடே பெட்டியைச் செய்தது. பெட்டி செய்வது துக்கத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப்புறமெங்கும் ஏறத்தாழ இதுவே நடைமுறை. இறந்தவரைக் குளிப்பாட்டி உடுத்தும் பணியைப் பெரும்பாலும் அண்டைவீட்டுப் பெண்கள் ஏற்றனர். ஆண்கள் பெட்டி செய்தனர், குழி வெட்டினர். உடல் வீட்டின் முன்னறையிலேயே கிடத்தப்பட்டது. சாவு ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது. அதன் வேலையோ ஊருக்குப் பங்கிடப்பட்டது.

2. பலகையும் சொல்லும்

இக்கைவினையின் நுட்பத்தைச் சற்றே நின்று பார்ப்பது பயன்தரும். பழைய அமெரிக்கச் சவப்பெட்டி ஆறு பக்கங்கள் கொண்டது. தலைப்பக்கம் ஒடுங்கி, தோளருகே விரிந்து, கால் நோக்கி மீண்டும் ஒடுங்கும். அதாவது, அது மனித உடலின் வடிவத்தைப் பின்பற்றியது. பக்கப்பலகையைத் தோளிடத்தில் வளைப்பதுதான் கடினமான வேலை. பலகையின் உட்புறத்தில் முழு ஆழத்துக்கு அறுக்காமல் நெருக்கமாகச் சில வெட்டுகள் இட்டு, வெந்நீர் ஊற்றி, மரம் இளகியதும் மெல்ல வளைப்பர். அளவு தவறினால் பலகை முறியும். முறிந்தால் மாற்றுப் பலகைக்கு நேரமில்லை.

நேரமின்மைதான் இக்கைவினையின் அடிப்படைச் சிக்கல். பச்சை மரம் காயும்போது கோணும், வெடிக்கும். நன்றாக உலர்ந்த பலகை வேண்டுமானால் அதை முன்னரே அறுத்து வைத்திருக்க வேண்டும். ஆகவே அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் வால்நட், செர்ரி போன்ற நல்ல மரப்பலகைகளைச் சவப்பெட்டிக்கென்றே எடுத்துவைக்கும் வழக்கம் இருந்தது. தன் பெட்டிக்குரிய பலகை தன் வீட்டிலேயே உலர்ந்துகொண்டிருப்பதை அறிந்தபடி ஒருவர் பல்லாண்டுகள் வாழ்ந்தார். சாவை எண்ணி அஞ்சியதாகவோ அதைப் போற்றியதாகவோ இதைக் கொள்ள வேண்டியதில்லை. விறகு அடுக்கிவைப்பதைப் போல, விதைநெல் எடுத்துவைப்பதைப் போல, இதுவும் இல்லறத்தின் முன்னேற்பாடே.

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்களுக்கு இங்கே இரண்டு நாவல்கள் நினைவுக்கு வரலாம். மெல்வில்லின் 'மோபி டிக்' (1851) நாவலில் நோயுற்ற குவீக்வெக் கப்பல் தச்சரைக் கொண்டு தனக்குப் பெட்டி செய்வித்துக்கொள்கிறான். பிழைத்தெழுந்தபின் அதையே தன் துணிப்பெட்டியாக்கிக்கொள்கிறான். இறுதியில் அப்பெட்டி மிதவையாகி வேறொருவனின் உயிரைக் காக்கிறது. ஃபாக்னரின் 'ஆஸ் ஐ லே டையிங்' (1930) நாவலில் சாகக் கிடக்கும் தாயின் சன்னலுக்கு வெளியே மூத்த மகன் பெட்டி செய்கிறான். தாய் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மகனின் அன்பு அவன் அறுக்கும் பலகையின் சரிவில் இருக்கிறது. அதைச் சொல்ல அவனிடம் வேறு மொழி இல்லை. ஃபாக்னர் எழுதிய காலத்தில் அமெரிக்க நகரங்களில் இவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நாட்டுப்புற ஏழைகளிடையே எஞ்சியிருந்தது.

ஊர்களில் இவ்வேலை மெல்ல மெல்ல மேசை நாற்காலி செய்யும் தச்சர்களிடம் சேர்ந்தது. அவர்களிடம் உலர்ந்த பலகையும் கருவியும் எப்போதும் இருந்தன. பெட்டியோடு வண்டியும், வண்டியோடு துக்கத் துணிகளும் என்று பொறுப்புகள் பெருகின. 'பொறுப்பேற்பவர்' என்னும் பொதுப்பொருள் கொண்ட 'அண்டர்டேக்கர்' என்ற ஆங்கிலச் சொல், ஈமப் பணியை ஏற்பவரை மட்டும் குறிக்கலாயிற்று. ஒரே கடையில் மணமக்களுக்குக் கட்டிலும் மாண்டவர்க்குப் பெட்டியும் விற்கப்பட்ட காலம் அது.

3. 1826: அடிமையின் கைவேலை

கையால் செய்த பெட்டி என்றவுடன் அன்பும் எளிமையும் நினைவுக்கு வருகின்றன. அந்த நினைவை இடைமறிக்கும் ஒரு பெயர் ஜான் ஹெமிங்ஸ்.

1826 ஜூலை 4ஆம் நாள், விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், தாமஸ் ஜெபர்சன் வர்ஜீனியாவில் தம் மான்டிசெல்லோ மாளிகையில் இறந்தார். அவருக்குச் சவப்பெட்டி செய்தவர் அவருடைய அடிமையாகிய ஜான் ஹெமிங்ஸ். குழி வெட்டியவர் வார்ம்லி ஹியூஸ், அவரும் அடிமையே. ஹெமிங்ஸ் சாதாரணத் தச்சர் அல்லர். ஜேம்ஸ் டின்ஸ்மோர் என்னும் தேர்ந்த தச்சரிடம் பயின்று, மான்டிசெல்லோவின் நுண்ணிய மரவேலைகள் பலவற்றைச் செய்தவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஜெபர்சனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் கிடைத்துள்ளன. ஜெபர்சனின் பேத்தி எல்லனுக்குத் திருமணப் பரிசாக அவர் செய்த எழுதுமேசை 1825இல் கடலில் மூழ்கிப் போனது. தம் படைப்பு அழிந்ததறிந்து அவர் அடைந்த துயரத்தை, தன் காப்பியம் தீக்கிரையானால் வர்ஜில் அடைந்திருக்கக்கூடிய துயரத்தோடு ஒப்பிட்டு ஜெபர்சன் கடிதம் எழுதினார்.

அடிமையைக் கலைஞராக உணர அந்த உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்பதை இக்கடிதம் காட்டுகிறது. உணர்ந்தும் தம் வாழ்நாளில் அவரை விடுவிக்கவில்லை. ஜெபர்சனின் உயிலின்படி, அவர் இறந்து ஓராண்டு கழித்தே ஹெமிங்ஸ் விடுதலை பெற்றார். பட்டறைக் கருவிகளும் அவருக்கு அளிக்கப்பட்டன. அதே உயிலால் விடுதலை பெற்ற கொல்லர் ஜோ ஃபாசெட்டின் நிலை இன்னும் கொடியது. ஜெபர்சனின் கடனை அடைப்பதற்காக 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் நடந்த ஏலத்துக்கு 130 அடிமைகள் விற்பனைக்கு வருவதாக விளம்பரம் செய்யப்பட்டது. அவ்வேலத்தில் ஃபாசெட்டின் மனைவியும் பிள்ளைகளும் விற்கப்பட்டனர்.

தாமஸ் லிங்கன் செய்த பெட்டியும் ஹெமிங்ஸ் செய்த பெட்டியும் எட்டு ஆண்டு இடைவெளியில் செய்யப்பட்டவை. இரண்டும் கையால் செய்தவை. இரண்டும் வீட்டிலேயே செய்தவை. ஒன்றில் கை தனக்குரியது. மற்றொன்றில் கையும் வேறொருவரின் சொத்து. ஹெமிங்ஸ் அப்பெட்டியைச் செய்தபோது என்ன எண்ணினார் என்பதைச் சொல்லும் வரி எதுவும் நம்மிடம் இல்லை. அன்பு இருந்திருக்கலாம், ஆற்றாமையும் இருந்திருக்கலாம். அம்மௌனத்தை நம் கற்பனையால் நிரப்புவதைவிட, அதை ஒரு சான்றாகவே ஏற்பது வரலாற்று மாணவருக்கு ஏற்ற நெறி. மறுக்க இயலாத நிலையில் ஒருவர் செய்த வேலையிலிருந்து அவருடைய உள்ளத்தை நம்மால் படித்துவிட முடியாது.

4. போர், பதனம், பெட்டகம்

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் சாவின் அளவையே மாற்றியது. நெடுங்காலமாக ஏற்கப்பட்டுவந்த கணக்கின்படி ஏறத்தாழ 6,20,000 வீரர்கள் மாண்டனர். வீட்டில், உறவினர் சூழ, முன்னறையில் நிகழ வேண்டிய சாவு, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பெயர் தெரியாத வயல்களில் நிகழ்ந்தது. இம்மாற்றம் ஒரு நாட்டின் உள்ளத்தை எப்படி உலுக்கியது என்பதை ட்ரூ கில்பின் ஃபாஸ்ட் தம் நூலொன்றில் (2008) விரிவாக ஆராய்ந்துள்ளார். மகனின் உடலையாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வசதியுள்ள குடும்பங்கள் விரும்பின. அதற்கு உடல் கெடாமல் இருக்க வேண்டும். நாளங்களில் மருந்தைச் செலுத்தி உடலைப் பதப்படுத்தும் முறை அவ்விருப்பத்தால் வளர்ந்தது. போரின் தொடக்கத்தில், 1861இல் கொல்லப்பட்ட கர்னல் எல்ஸ்வொர்த்தின் உடலை தாமஸ் ஹோம்ஸ் என்பவர் பதப்படுத்தினார். அது அம்முறைக்குப் பெரும் விளம்பரமாயிற்று.

1865 ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டார். தாயின் பெட்டிக்கு முளை சீவியதாகச் சொல்லப்படும் அச்சிறுவனுக்கு இப்போது ஈயத்தகடு உள்ளே பொதிந்த வால்நட் பெட்டி, மேலே கருந்துணி, வெள்ளி ஆணிகள். பதப்படுத்தப்பட்ட அவருடைய உடல் வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை ஏறத்தாழ 1,650 மைல் தொலைவு ரயிலில் சென்றது. வழியெங்கும் நகரங்களில் திறந்த பெட்டி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பதனத் தொழில் பற்றிக் கேள்விப்பட்டிராத இலட்சக்கணக்கானோர் அதன் விளைவைத் தம் கண்ணாலேயே கண்டனர். தாய்க்கும் மகனுக்கும் இடைப்பட்ட 47 ஆண்டுகளில் அமெரிக்கச் சாவு வீட்டிலிருந்து வெளியேறியது என்றால் மிகையாகாது.

பெட்டியின் பெயரும் வடிவமும் இதே காலத்தில் மாறின. 1848இல் அல்மண்ட் ஃபிஸ்க் வார்ப்பிரும்புப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். உடலின் வடிவத்தைக் காட்டிய ஆறுபக்கப் பெட்டி வழக்கொழிந்தது. நீள்சதுரப் பெட்டி வந்தது. அதற்கு 'காஸ்கெட்' என்று பெயரிட்டனர். நகைகளையும் விலையுயர்ந்த பொருள்களையும் வைக்கும் சிறு பேழைக்குரிய சொல் அது. உடல் இனி அடக்கப்படுவதன்று, பேணப்படுவது என்னும் குறிப்பு அச்சொல்லில் இருக்கிறது. நதானியேல் ஹாதார்ன் 1863இல் வெளிவந்த தம் நூலில் இப்புதுச்சொல்லைக் கடிந்துகொண்டார். கடிந்து பயனில்லை. 1882இல் ஈமத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் கூடியது. 1890இல் பல உற்பத்தியாளர்கள் இணைந்து தேசியப் பெட்டி நிறுவனத்தை அமைத்தனர். தச்சர் விற்பனையாளரானார், அண்டைவீட்டார் விருந்தினராயினர்.

5. கடையின் மறுபக்கம்

இவ்விடத்தில் நின்றுவிட்டால் கதை எளிது: தொழில் வந்தது, துக்கம் விற்பனைப் பொருளாயிற்று. ஆனால் கறுப்பின அமெரிக்கர்களின் வரலாறு இந்த எளிமையை ஏற்பதில்லை.

அடிமைக் காலத்தில் அவர்களுடைய இறந்தோருக்குப் பெட்டி கிடைப்பதும் பகலில் அடக்கம் செய்ய அனுமதி கிடைப்பதும் உரிமையாளரின் மனநிலையைப் பொறுத்தது. விடுதலைக்குப் பின்பும் இனப் பிரிவினை மயானம் வரை நீண்டது. ஆகவே தம் சமூகத்திலிருந்தே எழுந்த ஈம நிறுவனங்களும், சிறுகச் சிறுகச் செலுத்தும் அடக்கச் செலவுக் காப்பீடும் அவர்களுக்குப் பெரும் பொருளுடையவையாயின. வாழ்நாளெல்லாம் மறுக்கப்பட்ட மரியாதையைக் கடைசி நாளிலேனும் விலைகொடுத்துப் பெற முடிந்தது. பளபளக்கும் பெட்டியை வீண்செலவு என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. அப்பெட்டிக்குள் கிடந்தவர் அதற்கு முன் ஒருநாளும் பொது இடத்தில் முன்வரிசையில் அமர்த்தப்பட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் ஏ. ஜி. காஸ்டன் 1923இல் ஓர் அடக்கச் சங்கத்தைத் தொடங்கி, அதை ஈம நிறுவனமாகவும் காப்பீட்டு நிறுவனமாகவும் வளர்த்தார். வெள்ளையரிடம் ஊதியம் பெறாதவர் என்பதால் அவர் பொருளாதாரத் தற்சார்பு உடையவர். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் அந்நகரில் நடந்த போராட்டத்தின்போது காஸ்டனின் விடுதி தலைவர்களின் தங்குமிடமாயிற்று. சிறையிலிருந்த கிங்குக்குப் பிணைத்தொகை தந்தவரும் அவரே.

1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட பதினான்கு வயது எம்மெட் டில்லின் நிகழ்வு இன்னும் கூர்மையானது. உடலை அங்கேயே அவசரமாகப் புதைத்துவிட உள்ளூர் அதிகாரிகள் முயன்றனர். தாய் மேமி டில் உடலைச் சிகாகோவுக்கு வரவழைத்தார். பெட்டியைத் திறந்துவைக்கச் சொன்னார். கண்ணாடி பொருத்திய அப்பெட்டியின் வழியே சிதைக்கப்பட்ட முகத்தை ஆயிரமாயிரம் பேர் கண்டனர். புகைப்படத்தின் வழியே நாடே கண்டது. அப்பெட்டி கடையில் வாங்கியது. காட்சிக்கென்றே வடிவமைக்கப்பட்ட வணிகப் பெட்டியும், உடலைக் காட்சிக்குரியதாக்கும் ஈமக் கலையும் இல்லாமல் அச்சாட்சியம் அவ்வடிவில் நிகழ்ந்திருக்க முடியாது. விசாரணைக்காக 2005இல் உடல் தோண்டியெடுக்கப்பட்டு வேறொரு பெட்டியில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. பழைய பெட்டி இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. சவப்பெட்டிகள் அருங்காட்சியகத்துக்கு வருவது அரிது என்றேன். வந்த ஒன்று, மண்ணுக்குள் மறைய வேண்டியதை மறைக்க மறுத்த பெட்டி.

6. துறவிகளும் உரிமமும்

1963இல் ஜெசிகா மிட்ஃபோர்ட் எழுதிய 'அமெரிக்க முறைச் சாவு' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல், துயரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு விலையுயர்ந்த பெட்டிகள் எவ்வாறு தலையில் கட்டப்படுகின்றன என்பதை அங்கதத்தோடு அம்பலப்படுத்தியது. இரு பதிற்றாண்டுகள் நீண்ட விவாதங்களுக்குப் பின், 1984இல் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் ஈமச் சேவை விதி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலை கூற வேண்டும். வேறிடத்தில் வாங்கிய பெட்டியையோ குடும்பத்தார் செய்து கொண்டுவரும் பெட்டியையோ மறுக்கக் கூடாது. அவ்வாறு கொண்டுவரும் பெட்டிக்குத் தனிக்கட்டணம் வாங்குவதை 1994ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்தது. தாமஸ் லிங்கன் யாரையும் கேளாமல் செய்ததைச் செய்வதற்கு, அவருடைய கொள்ளுப்பேரர் தலைமுறைக்குப் பின் வந்தவர்களுக்கு ஓர் ஆணைய விதி தேவைப்பட்டது.

செய்வதற்குத் தடையில்லை, விற்பதற்கு? லூசியானாவில் கோவிங்டன் நகரருகே உள்ள புனித சூசையப்பர் மடத்துப் பெனடிக்டீன் துறவிகள் தலைமுறைகளாகத் தம் இறந்தோருக்குத் தாமே எளிய மரப்பெட்டி செய்துவந்தனர். 1990களில் இரு ஆயர்கள் அத்தகைய பெட்டிகளில் அடக்கம் செய்யப்பட்டபின் பொதுமக்களும் கேட்கத் தொடங்கினர். 2005இல் வீசிய கத்ரீனா புயல் மடத்தின் வருவாய்க்கு ஆதாரமாயிருந்த மரக்காட்டை அழித்தது. 2007இல் துறவிகள் பெட்டி விற்பனையைத் தொடங்கினர். உரிமம் பெற்ற ஈம நிறுவனமே பெட்டி விற்கலாம் என்று மாநில ஈமத் தொழில் வாரியம் தடுத்தது. உரிமம் வேண்டுமெனில் 30 பேர் அமரும் அஞ்சலிக் கூடமும், ஆறு பெட்டிகள் வைக்கும் காட்சியறையும், உடலைப் பதப்படுத்தும் வசதியும் மடத்தில் இருக்க வேண்டும். உடலைத் தொடாத, அடக்கம் நடத்தாத, பெட்டி மட்டும் செய்யும் துறவிகளுக்கு இவை எதற்கு என்னும் கேள்விக்கு விடை இல்லை.

வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் சென்றது. நுகர்வோர் நலம், பொதுச் சுகாதாரம் என்னும் இரு காரணங்களை வாரியம் முன்வைத்தது. ஆனால் அம்மாநிலச் சட்டப்படி அடக்கத்துக்குப் பெட்டியே கட்டாயமில்லை. பெட்டி எப்படியிருக்க வேண்டும் என்னும் விதியும் இல்லை. தானே செய்துகொள்ளலாம், வெளிமாநிலத்தில் வாங்கலாம். அவ்வாறாயின் துறவியரிடம் வாங்குவதில் மட்டும் என்ன கேடு? 2011இல் மாவட்ட நீதிமன்றமும், 2013இல் ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் துறவிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. ஒரு தொழிலினரின் வருவாயைக் காப்பது மட்டுமே ஒரு சட்டத்தின் நோக்கமாயின், அது நியாயமான அரசு நோக்கம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். டென்னசி வழக்கொன்றில் 2002இல் ஆறாம் சுற்று நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்திருந்தது. ஒக்லஹோமா வழக்கில் 2004இல் பத்தாம் சுற்று நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. 2013இல் வாரியத்தின் மனுவை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டதால் இம்முரண்பாடு தீர்க்கப்படாமலே நிற்கிறது. தொழில் உரிமையையும் உரிமமுறையையும் பற்றி ஆராயும் சட்ட மாணவர்கள் இம்மூன்று தீர்ப்புகளையும் ஒருசேரப் படிப்பது நல்லது.

7. சிறைப்பட்டறை

அதே லூசியானாவில் மற்றொரு மரப்பட்டறை உண்டு. மாநிலச் சிறைச்சாலையான அங்கோலா 18,000 ஏக்கர் பரப்புடையது. முன்பு அடிமைகள் உழைத்த தோட்டம் அது. அவ்வடிமைகளின் பூர்வீக நாட்டின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அங்கே பலர் ஆயுள் முடியும்வரை வெளிவர வழியில்லாத தண்டனை பெற்றவர்கள். இறந்தபின் உரிமை கோர உறவினர் இல்லாதவர்கள் சிறை மயானத்திலேயே புதைக்கப்படுகின்றனர். 1990களில், மலிவான பெட்டிகளின் அவலத்தைக் கண்டபின், இறந்த கைதிகளுக்குச் சக கைதிகளே மரப்பெட்டி செய்யும் பட்டறை தொடங்கியது. தன்னோடு உண்டு உறங்கியவனுக்குப் பெட்டி செய்பவன், ஒருநாள் தனக்கும் இதே பட்டறையில் இதே பெட்டி செய்யப்படும் என்பதை அறிந்தே பலகையை இழைக்கிறான்.

புகழ்பெற்ற போதகர் பில்லி கிரஹாமின் குடும்பத்தார் இப்பெட்டிகளைக் கண்டு, அவருக்கும் அவர் மனைவி ரூத்துக்கும் செய்யக் கேட்டனர். ஒட்டுப்பலகையால் செய்த எளிய பெட்டிகள். செய்தவர்களின் பெயர்கள் மரத்தில் சுட்டுப் பொறிக்கப்பட்டன. ரூத் 2007இல் அடக்கம் செய்யப்பட்டார். 2018 பிப்ரவரியில் கிரஹாம் இறந்தபோது, கைதிகள் செய்த அப்பெட்டி அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. அதைத் தாங்கிய மேடை 1865இல் லிங்கனின் பெட்டிக்காக அவசரமாக அமைக்கப்பட்டது. கருந்துணியை விலக்கிப் பார்த்தால் அதுவும் இழைக்காத பைன் பலகைகளை ஆணியடித்துச் சேர்த்ததே.

மனத்தைத் தொடும் காட்சிதான். ஆனால் அடிமை முறையை ஒழித்த அரசமைப்பின் 13ஆம் திருத்தமும் 1865ஆம் ஆண்டினதே; குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்பை அது விலக்காக அனுமதிக்கிறது. அங்கோலாவில் கைதிகளின் உழைப்புக்கு மணிக்குச் சில சென்ட்டுகளே கூலி. பெட்டி செய்த கைதி தன் வேலையில் மீட்சியைக் கண்டிருக்கலாம்; அதை மறுக்க நாம் யார்? ஆயினும் ஹெமிங்ஸின் மௌனத்துக்கு முன் நாம் கடைப்பிடித்த அடக்கம் இங்கும் வேண்டும். மரத்தில் பெயர் பொறிக்கப்பட்டது ஒரு முன்னேற்றம்; அந்தக் கை விடுதலை பெற்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

8. செய்யும் உரிமை, மறுக்கும் உரிமை

நியூசிலாந்தின் ரொட்டோருவா நகரில் 2010இல் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் முயற்சியால் ஒரு சவப்பெட்டிக் கழகம் தோன்றியது. முதியோர் ஒன்றுகூடித் தத்தம் பெட்டியைத் தாமே செய்து, விரும்பிய வண்ணம் தீட்டி, வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். பிறந்தவுடன் இறக்கும் குழந்தைகளுக்கான சிறு பெட்டிகளையும் செய்து மருத்துவமனைக்கு இலவசமாகத் தருகின்றனர். பின்னர் இங்கிலாந்திலும் பிற இடங்களிலும் இத்தகைய கழகங்கள் தோன்றின. அமெரிக்காவிலும் வீட்டுத் தச்சர்கள் தமக்கும் துணைக்கும் பெட்டி செய்துவைக்கின்றனர். 2016இல் அங்கே எரியூட்டல் பாதியைக் கடந்துவிட்ட நிலையில் இது ஒரு சிறுபான்மை வழக்கமே. எனினும் அதன் பொருள் பெரிது. பெட்டி செய்யும் வாரங்களில் சாவு பற்றிய பேச்சு வீட்டுக்குள் இயல்பாக வந்துவிடுகிறது. யார் எவ்வளவு செலவிடுவது, என்ன சடங்கு, எங்கே அடக்கம் என்னும் முடிவுகளை, துயரம் அறிவை மறைக்கும் நாளில் எடுக்க வேண்டிய தேவை நீங்குகிறது.

இந்திய மாணவர்கள் இதைப் படிக்கும்போது ஒன்றை மறக்கலாகாது. நம் நாட்டில் சாவுக்குரிய பணிகள் பலவற்றை வீட்டாரும் ஊராரும் இன்றும் கையாலேயே செய்கின்றனர். பாடை கட்டுவது கடைக்குப் போய்விடவில்லை. ஆனால் குழி வெட்டுதல், சிதை அடுக்கிக் காத்தல், சாவுக்குப் பறையடித்தல் முதலியவை குறிப்பிட்ட சாதியினர் மீது பிறப்பால் சுமத்தப்பட்டவை. அப்பணிகளைச் செய்ய மாட்டோம் என்று மறுத்ததே தலித் விடுதலைப் போராட்டங்களின் முக்கியமான ஒரு கூறு. லூசியானாத் துறவிகள் செய்யும் உரிமைக்காக வழக்காடினர். நம் மண்ணில் மனிதர்கள் செய்யாதிருக்கும் உரிமைக்காக அடிபட்டனர். இரண்டும் ஒரே உரிமையின் இரு முகங்கள். கைவினையின் மேன்மையைப் போற்றுமுன், அந்தக் கைக்கு மறுக்கும் உரிமை இருந்ததா என்று கேட்பது வரலாற்று மாணவரின் முதற்கடமை.

தன் பெட்டியைத் தானே செய்துகொள்ளும் முதியவரின் செயலில் எனக்குத் தெரியும் சிறப்பும் இதுவே. அவருடைய சாவின் வேலையை அவர் வேறு யார் தலையிலும் ஏற்றவில்லை. அடிமையின் மேலும் இல்லை, கைதியின் மேலும் இல்லை, பிறப்பால் இழிந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர் மேலும் இல்லை. மரம் அவருடையது, நேரம் அவருடையது, பலகை கோணினால் அந்தப் பிழையும் அவருடையதே.

இந்தியச் சூழலில் ஆய்வு செய்ய விரும்புவோருக்கு இத்துறை பெரிதும் திறந்தே கிடக்கிறது. தேவாலயப் பதிவேடுகள், தச்சர் குடும்பங்களின் நினைவுகள், மயானப் பணியாளர் சங்கங்களின் கோரிக்கை மனுக்கள், நகராட்சிகளின் ஒப்பந்தக் கோப்புகள் ஆகியவற்றில் இதற்கான சான்றுகளைத் தேடலாம். உங்கள் ஊரில் கடைசிப் பெட்டியை, கடைசிப் பாடையை, கடைசிக் குழியை யார் செய்கிறார்கள், எந்தக் கூலிக்கு, எந்த விருப்பத்தின் பேரில் என்பதை விசாரித்துப் பாருங்கள். கிடைப்பதைப் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் பிறருக்கும் பயன்படும்.